‘எவ்வளவு சாதுவான நாய்!’: ஒரு கண்காட்சி ஸ்டாலில் மிளகு

இரண்டாம் நாள் பிற்பகல் 2:20 மணிக்கு மிளகு ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூடினாள். பல் படவில்லை. தாடை மூடிய ‘டப்’ சத்தம் மட்டும் கேட்டது. அவர் சட்டென்று பின்வாங்கினார், சிரித்தார், “தப்பு என்னுடையதுதான்” என்று சொல்லிவிட்டு எங்கள் விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார். எல்லாம் இரண்டு நொடிக்குள் முடிந்தது. எதிர் ஸ்டாலில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த இரண்டு நொடிக்கு முந்தைய இருபத்தொன்பது மணி நேரத்தில் நாங்கள் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் தங்கையும் லாஸ் ஏஞ்சலஸ் புறநகரில் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு சின்னத் தொழில் நடத்துகிறோம். நாயின் கழுத்தை இறுக்காமல் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை தைக்கிறோம். ஊரே ஹார்னெஸ் என்று சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். மிளகு எங்கள் வீட்டு நாய். காப்பகத்திலிருந்து வந்தவள், கறுப்பு, பாதி லாப்ரடார், மீதி என்னவென்று யாருக்கும் தெரியாது. அப்போது வயது 4, எடை 24 கிலோ. தங்கையின் குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொள்வாளே தவிர உறுமியதில்லை. அந்த ‘எழுந்து வேறு இடத்தில் போய்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் செல்லப்பிராணித் தொழிலுக்கு இரண்டு பெரிய வணிகக் கண்காட்சிகள் உண்டு. மார்ச்சில் ஆர்லாண்டோவில் குளோபல் பெட் எக்ஸ்போ, ஆகஸ்டில் லாஸ் வேகஸில் சூப்பர்ஜூ. இரண்டும் பொதுமக்களுக்கு அல்ல. கடைக்காரர்கள், மொத்த வியாபாரிகள், முடி திருத்துபவர்கள்தான் வருவார்கள். நூற்றுக்கணக்கான ஸ்டால்களில் பத்தடிக்குப் பத்தடி இடம் பிடித்தவர்கள் கடைசி வரிசைகளில் இருப்பார்கள். அங்கே ஒருவரை நிற்க வைப்பது பெரும்பாடு. நாய் இல்லாத ஹார்னெஸ் கடையில் தோரணம் போலத் தொங்கும். நாயின் மேல் இருந்தால்தான் அது பொருள். அதனால் மிளகையும் அழைத்துக்கொண்டு ஆகஸ்டில் லாஸ் வேகஸ் போவது என்று முடிவு செய்தோம். அந்த முடிவு எடுக்க எங்களுக்கு ஒரு தேநீர் நேரம் போதுமானதாக இருந்தது.

காகிதங்களில் மட்டும் நாங்கள் குறை வைக்கவில்லை. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, பொறுப்பேற்புக் கையெழுத்து, இழுத்து நீட்டும் வகை வார் கூடாது என்ற நிபந்தனை, எல்லாவற்றையும் படித்தோம். கால்நடை மருத்துவர் நாய்க் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். அதாவது நாய்களுக்கு வரும் இன்ஃப்ளூயன்சா. அது எனக்குப் புதுச் செய்தி. குதிரைகளிடமிருந்து தாவிய எச்3என்8 வகை 2004இல் ஃப்ளோரிடாவின் பந்தய கிரேஹவுண்டுகளிடம் அடையாளம் காணப்பட்டது. பறவைகளிடமிருந்து வந்த எச்3என்2 வகை கொரியாவில் பரவி, 2015இல் சிகாகோவில் இறங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் படுக்க வைத்தது. எங்களுக்குப் பாடமாக அவர் சொன்னது 2017 மே மாத நிகழ்வு: ஜார்ஜியாவின் பெர்ரியிலும் ஃப்ளோரிடாவின் டீலேண்டிலும் நடந்த நாய்க் காட்சிகளுக்குப் போய்வந்த நாய்களுக்கு எச்3என்2 உறுதியானது. காட்சி முடிந்ததும் நாய்கள் கார்களில் ஏறி வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விடும். தொற்றிய நாய் இருமத் தொடங்குவதற்கு முன்பே வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடும். எனவே ‘நோயுள்ள நாய்களை அழைத்துவர வேண்டாம்’ என்ற வாசல் பலகையால் பாதிப் பயன்தான். தடுப்பூசி இரண்டு தவணை, இடையே 2 முதல் 4 வாரம், அதன் பிறகு பாதுகாப்பு உருவாக இன்னும் சில நாள். முந்தின வாரம் ஓடிப்போய் ஒரு ஊசி போட்டுச் சான்று வாங்கினால் காகிதம் கிடைக்கும், காவல் கிடைக்காது. நாங்கள் ஜூன் மாதமே தொடங்கிவிட்டோம்.

(தமிழ்நாட்டிலிருந்து பொருள் காட்ட வருகிறவர்கள் சிலர் “நம் நாயையே கொண்டுவரலாமா?” என்று கேட்டதுண்டு. வேண்டாம் என்பேன். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் நாய்க்கு ஆறு மாத வயதும் மைக்ரோசிப்பும் கட்டாயம். வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், இந்தியாவில் ஊசி போட்ட நாய்க்குத் தனிச் சான்று, இரத்தப் பரிசோதனை, குறிப்பிட்ட விமான நிலையத்தில் உள்ள பராமரிப்பு மையத்தில் முன்பதிவு என்று வரிசை நீளும். ஐரோப்பா இன்னும் பொறுமை கேட்கும்: ஊசி போட்டு 30 நாளுக்குப் பின் இரத்தம் எடுத்து, அதற்குப் பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நான்கு நாள் கண்காட்சிக்கு நான்கு மாதத் தவம்.)

விமானம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. இங்கே பெரும்பாலான நிறுவனங்கள் இருக்கைக்கு அடியில் கூண்டில் அடங்கும் சிறு நாய்களைத்தான் உள்ளே விடுகின்றன. “மன ஆறுதல் தரும் பிராணி என்று ஒரு சட்டை வாங்கி மாட்டிவிடுங்கள்” என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அந்தக் கதவு 2021 ஜனவரியிலேயே மூடிவிட்டது. அதற்குப் பிறகு விமான நிறுவனங்கள் அவற்றைச் சேவை நாயாக ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூடாமல் இருந்திருந்தாலும் அது பொய். கண்பார்வையற்ற ஒருவருக்கு வழிகாட்டும் நாய்க்கு உள்ள உரிமையை ஹார்னெஸ் விற்க வந்த நாய்க்குக் கேட்பது அசிங்கம்.

ஆகவே கார். 270 மைல், மொஹாவி பாலைவனத்தின் குறுக்கே. வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயர வெப்பமானி நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக, டிகிரிக்கு ஓர் அடி. நாங்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ள இறங்கினோம். மிளகு ஒரு காலைத் தரையில் வைத்தாள், எடுத்தாள், மறுகாலை வைத்தாள், எடுத்தாள், காருக்குள் ஏறிவிட்டாள். தங்கை புறங்கையைத் தாரில் வைத்துப் பார்த்து மூன்று நொடியில் எடுத்துவிட்டாள். காற்று 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலில் தார்ச்சாலை 60 டிகிரிக்கும் மேலே போகும். லாஸ் வேகஸ் மருத்துவமனைகளில் கோடைதோறும் நடைபாதையில் விழுந்து வெந்துபோன மனிதர்களுக்கே சிகிச்சை நடக்கிறது. மிளகு சொன்னதை அன்று நாங்கள் கேட்டோம். பயணம் முழுவதிலும் அவள் சொல்லி நாங்கள் உடனே கேட்டது அந்த ஒன்றுதான்.

முதல் நாள்

காலை 9 மணிக்குக் கதவு திறந்தது. மிளகு வாலாட்டினாள், வந்தவர்களை முகர்ந்தாள், படம் எடுக்க நின்றாள். எங்கள் ஸ்டால் முன்னால் எப்போதும் மூன்று நான்கு பேர். வருகிறவர் எவரும் முதலில் கேட்டது “மாட்டிக் காட்டுங்கள்” என்பதுதான். மாட்டினோம், கழற்றினோம், வேறு நிறத்தில் மாட்டினோம். எங்கள் ஹார்னெஸ் தலைவழியாக நுழைத்து, முன்காலுக்குப் பின்னால் பூட்டும் வகை.

சிறுநீர் கழிக்க அரங்கின் ஓரத்தில் செயற்கைப் புல் விரித்த ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று காலை முதல் எத்தனை நாய்கள் அங்கே போயிருக்கும் என்று மூக்குள்ள யாருக்கும் தெரியும். மிளகு விளிம்பில் நின்று முகர்ந்தாள், திரும்பிவிட்டாள். வெளியே அழைத்துப் போவதென்றால் நெடுந்தூரக் கம்பளம், மின்தூக்கி, பிறகு அந்தத் தரை. மாலை 5 மணிக்குப் பின் விடுதிப் புல்வெளிக்குப் போனபோதுதான் அவளுக்கு விடுதலை. ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்.

மூன்று மணி வாக்கில் பக்கத்து ஸ்டால்காரர் ஒரு மாட்டிறைச்சித் துண்டை நீட்டினார். மிளகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “என்ன ஒழுக்கம்! அந்நியர் கொடுத்தால் தொடக்கூட மாட்டேன் என்கிறது” என்று அவர் வியந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் வெங்காயத் தோல் விழுந்தால்கூட ஓடிவந்து பார்க்கும் நாய் அது.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், எங்களுக்கு நேராவிட்டாலும். ஸ்டாலுக்கு ஸ்டால் மேசைமேல் மனிதர்களுக்கான மிட்டாய்க் கிண்ணம் இருக்கும். சர்க்கரை இல்லாத மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் கலந்திருக்கலாம். அது நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தரையில் இறக்கிவிடும், கூடுதலாக உள்ளே போனால் கல்லீரலைக் கெடுக்கும். நாய் மருந்தும் நாய் உணவும் விற்கும் மேசைகளிலேயே அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள்

அன்று அவளை எல்லோரும் பாராட்டினார்கள். மதியம்வரை அவள் அசையவே இல்லை. மேசையோரம் படுத்திருந்தாள். தொட்டவர்கள் தொட்டார்கள், படம் எடுத்தவர்கள் எடுத்தார்கள். “எவ்வளவு சாதுவான நாய்!” என்று அன்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கில்லை. 2 மணி வாக்கில் தங்கை மட்டும், “அக்கா, இவள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை” என்றாள். நான் ஒரு கடைக்காரருக்கு அளவு அட்டவணையை விளக்கிக்கொண்டிருந்தேன். கையைக் காட்டி, பிறகு என்றேன்.

அந்த மனிதர் வந்தது அப்போதுதான். தொழிலில் பழுத்தவர், நாய்களோடு வாழ்ந்தவர் என்பது அவர் குனிந்த விதத்திலேயே தெரிந்தது. கேட்கவில்லை. மண்டியிட்டு, இரண்டு கையாலும் மிளகின் கழுத்தைச் சுற்றி அணைத்து, முகத்தை முகத்தோடு கொண்டுபோனார். செல்லப்பிராணிக் கண்காட்சியின் வினோதம் இது. தெருவில் போகும் சாதாரண மனிதர் “தொடலாமா?” என்று கேட்பார். அங்கே வருகிற எல்லோரும் நாய் அறிந்தவர்கள் என்பதால் யாரும் கேட்பதில்லை. மிளகுக்குப் பின்னால் மேசை, ஒரு பக்கம் தொங்கும் பலகை, மறுபக்கம் நான், முன்னால் அவர். குட்டையான வார் மேசைக்காலில் கட்டியிருந்தது. எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுக்க வழியில்லை.

அறைக்கு அழைத்துப் போனேன். தண்ணீரை மடமடவென்று குடித்தாள், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து இரவு 9 மணிவரை தூங்கினாள்.

பதிவில் கண்டது

பொருளைக் காட்டுவதைப் படம்பிடிக்கத் தங்கை ஸ்டால் மூலையில் ஒரு பழைய போனை நிறுத்தி வைத்திருந்தாள். அன்றிரவு இருவரும் உட்கார்ந்து இரண்டு நாள் பதிவையும் வேகமாக ஓட்டிப் பார்த்தோம். எனக்கு இரண்டு நாளும் தெரியாத ஒரு நாய் அதில் இருந்தது.

முதல் நாள் 10:40 மணிக்கு முதல் கொட்டாவி. தூக்கம் வரும் நேரமல்ல. பிறகு மூக்கை நக்குதல், சாப்பிட எதுவும் இல்லாதபோதே, மீண்டும் மீண்டும். 11:30இலிருந்து தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டி வெள்ளை தெரியப் பார்க்கிறாள். ஒரு முன்னங்காலை லேசாகத் தூக்கியபடி நிற்கிறாள். மதியத்துக்குப் பின் உடம்பை நனைந்த நாய் போல உதறுகிறாள், உலர்ந்த கம்பளத்தின் மேல் நின்றுகொண்டு. அப்புறம் அந்த மாட்டிறைச்சித் துண்டு. பசியுள்ள நாய் பிடித்த தின்பண்டத்தை மறுத்தால் அது ஒழுக்கமல்ல, பதற்றத்தின் அளவுகோல். பயிற்சியாளர்கள் அனைவரும் அறிந்த பாலபாடம், நானும் படித்திருந்தேன். இரண்டாம் நாள் இவை எதுவுமே இல்லை. கொட்டாவி இல்லை, மூக்கை நக்குதல் இல்லை, உதறல் இல்லை. அசையாமல் கிடக்கிறாள். அவள் பழகிக்கொண்டாள் என்று நாங்கள் நினைத்தோம். சொல்லிப் பயனில்லை என்று சொல்வதை நிறுத்தியிருக்கிறாள்.

எனக்கு எங்கள் ஊர்க் கோயில் யானை நினைவுக்கு வந்தது. நாள் முழுக்க வரிசையில் வருகிறவர்களின் தலையில் தும்பிக்கை வைக்கும். நாணயத்தைப் பாகனிடம் கொடுக்கும். உடம்பை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். “பாட்டுக்கு ஆடுகிறது பார்” என்று பாட்டி காட்டுவார். கட்டிப்போட்ட யானையின் அந்த ஆட்டம் மனஅழுத்தத்தின் அடையாளம் என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வயது ஆயிற்று. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்கிறோம். அந்தப் பழமொழியோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. சாது அப்போதுதான் மிரண்டது என்று அது நினைக்க வைக்கிறது. வெகுநேரமாக மிரண்டுகொண்டிருந்ததைத்தான் நாம் சாது என்று அழைத்திருப்போம்.

பதிவில் இன்னொன்றும் இருந்தது. அதை முதலில் கவனித்தவள் தங்கை. ஹார்னெஸை எடுத்து நான் மிளகின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் தலையைப் பின்னுக்கு இழுக்கிறாள். மெல்லிய அசைவு, அரை அங்குலம். நான் இன்னொரு கையால் தலையைப் பிடித்து நுழைத்துவிடுகிறேன். முதல் நாள் 38 முறை. இரண்டாம் நாள் 2:20வரை 23 முறை. இரண்டு நாளில் 61 முறை ஒரு நாயின் முகத்தின்மேல் வளையத்தைக் கொண்டுபோயிருக்கிறோம். வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு முறை. இரண்டு முறை என்பதால் அந்த அரை அங்குலம் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. முகத்தை நோக்கி வந்த அறுபத்திரண்டாவது பொருள் அந்த மனிதரின் முகம்.

பல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். தோல் கிழிந்தால் புகார் போகும். மனிதரைக் கடித்த நாயை வெறிநோய் ஐயத்துக்காகப் பத்து நாள் தனிமையில் வைத்துக் கண்காணிப்பது இங்கே வழக்கமான நடைமுறை, தடுப்பூசி போட்டிருந்தாலும். வீட்டிலிருந்து 270 மைல் தள்ளி, பாலைவன ஊரில் பத்து நாள். எங்கள் தொழில் காப்பீட்டை எடுத்துப் பார்த்ததில், பிராணியால் நேரும் காயத்துக்கு அது பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டு ஆண்டுகளாகப் பணம் கட்டிவந்த ஆவணத்தை முழுதாகப் படித்தது அன்றுதான்.

மூன்றாம் நாள் மிளகு வரவில்லை. தங்கை அறையில் அவளோடு இருந்தாள், நான் மட்டும் ஸ்டாலில். கூட்டம் குறைந்தது, நன்றாகவே குறைந்தது. மூன்று நாளில் எங்களுக்குக் கிடைத்த 9 ஆர்டர்களில் 4 அன்று வந்தவை. இதைக் காட்டி நாய் இல்லாவிட்டால் வியாபாரம் பெருகும் என்று நான் வாதிட மாட்டேன். பலர் கடைசி நாளில்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் முதல் இரண்டு நாள் சேர்ந்த கூட்டத்தில் பெரும்பாலோர் ஹார்னெஸைத் திரும்பியும் பார்க்கவில்லை என்பதும் பதிவில் இருக்கிறது. அவர்கள் ஊரில் விட்டுவந்த தங்கள் நாயை நினைத்து மிளகைத் தடவிவிட்டுப் போனவர்கள். தடவல் எங்கள் வாடகையைக் கட்டவில்லை.

மறு ஆண்டு

திரும்பவும் போனோம், திரும்பவும் மிளகோடு. அழைத்துப் போகவே கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. பல நாய்களுக்கு அதுதான் சரி. மிளகுக்கு மனிதர்களைப் பிடிக்கும், சிறிது நேரத்துக்கு.

தங்கையின் கணவர் மூன்றாவது ஆளாக வந்தார். அவருடைய ஒரே வேலை நாய். விற்கத் தெரியாதவர் என்பது இங்கே தகுதி. காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம், இடைப்பட்ட நேரம் அறை. ஸ்டாலின் பின்பாதியைத் திரையிட்டு, மேசைக்கடியில் திறந்த கூண்டு வைத்தோம். அவள் உள்ளே போய்விட்டால் யாரும் கூப்பிடக் கூடாது. பத்தடி இடத்தில் பாதியை நாய்க்குக் கொடுப்பது வலிக்கும் செலவுதான். செயற்கைப் புல் துண்டொன்றை ஜூலை மாதமே வீட்டு முற்றத்தில் விரித்துப் பழக்கியிருந்தோம். அதையே சுருட்டி எடுத்துப் போனோம். தன் வாசனை உள்ள துண்டில் முதல் நாளே போனாள். அன்றைய தினத்தின் பெரிய வெற்றி அது என்று நாங்கள் மூவரும் கொண்டாடியதைப் பார்த்த பக்கத்து ஸ்டால்காரர் ஏதோ பெரிய ஆர்டர் என்று நினைத்திருப்பார்.

மாட்டிக் காட்ட, துணிக்கடைக்காரர்கள் வைத்திருப்பதைப் போல, நாய் வடிவப் பொம்மை ஒன்று வாங்கினோம். அதற்குக் கழுத்து வலிக்காது.

பொம்மையைவிட முக்கியமானது அதன்மேல் இருந்த ஹார்னெஸ். ஊர் திரும்பிய வாரமே வடிவத்தை மாற்றத் தொடங்கினோம். கழுத்து வளையத்தின் பக்கவாட்டில் இன்னொரு பூட்டு. தலையில் எதுவும் ஏறாது. பக்கத்திலிருந்து சுற்றி இரண்டு இடத்தில் பூட்டினால் போதும். “இன்னொரு பூட்டு என்றால் விலை ஏறும், தையலும் ஒன்று கூடும் அக்கா” என்று தங்கை தயங்கினாள். சரியான தயக்கம். ஏழு மாதம், ஐந்து மாதிரிகள். நான்காவதில் பூட்டு மூடும் சத்தம் மிளகுக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன். தங்கை போனில் படம்பிடித்தாள். தலை அசையவில்லை.

அந்த ஆகஸ்டில் முதல் நாள் காலை ஒரு கடைக்காரர் வந்து, “போன வருடம் இங்கே ஒரு கறுப்பு நாய் இருந்ததே?” என்று கேட்டார். தூங்குகிறாள், 11 மணிக்கு வருவாள் என்றோம். 11:10க்குத் திரும்பி வந்தார். மிளகு அவர் காலணியை முகர்ந்தாள், ஒருமுறை வாலாட்டினாள், திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொம்மையின் பக்கவாட்டுப் பூட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி, நடு அளவில் இரண்டு டஜன் எழுதிக்கொள்ளச் சொன்னார்.